மாணவர்கள் காத்த கரை: சென்னையின் பங்குனி ஆமைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

எதை ஆராய்கிறோம்

சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்கும் பணியை அரசுத் துறை நிறுத்திக்கொண்ட ஆண்டு 1988. அதே ஆண்டில் கல்லூரி மாணவர்கள் சிலர் அந்தப் பணியைத் தங்கள் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, அலுவலகமும் இல்லை. எல்லோரும் உயிரியல் படித்தவர்களும் அல்லர். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய இரவு நடை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

இயற்கைப் பாதுகாப்பில் பொதுமக்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுதாத திட்ட அறிக்கை இல்லை. எப்படிச் சேர்ப்பது, சேர்ந்தவர்களால் எதுவரை செய்ய முடியும், அவர்கள் கைக்கு எட்டாதது எது என்பதையெல்லாம் காட்டும் நீண்ட சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். ஆட்களின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை. இது ஒருவர் இருவரின் சாதனையாகப் படிக்கப்படுவதை நான் விரும்பவில்லை. படிப்பு முடிந்து ஒரு தலைமுறை வெளியேற, அடுத்த தலைமுறை வந்து சேர்ந்தது. அந்தத் தொடர்ச்சிதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பின்னணி

உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இந்தியக் கடலில் காணப்படுகின்றன. சென்னைக் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. ஓடு இரண்டடிக்குச் சற்று மேல் நீளம். எடை நாற்பது கிலோவை ஒட்டி இருக்கும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் இதே ஆமை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஒரே சமயத்தில் கரையேறும். இங்கே அப்படி இல்லை. ஒன்று இங்கே ஏறும், மற்றொன்று இரண்டு கிலோமீட்டர் தள்ளி வேறோர் இரவில் ஏறும். கூட்டமாக வராததால் எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆமை வரும் ஊரில் பிறந்து வளர்ந்து, அது வருவதே தெரியாமல் இருந்த சென்னைவாசிகள்தான் அதிகம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பருவம். தாய் ஆமை இரவில் கரையேறி, அலை எட்டாத மணலில் பின்துடுப்புகளால் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, நூறு நூற்றிருபது முட்டைகள் இட்டு, மணலை மூடி, உடலால் தட்டிச் சமன்செய்துவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு அது கூட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முட்டைகள் மணலின் சூட்டிலேயே 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதும் அந்தச் சூடுதான். ஏறக்குறைய 30 டிகிரி செல்சியசுக்கு மேல் போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். கீழே இறங்கினால் ஆண் குஞ்சுகள். ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து முட்டையிட வந்தாலே பெரிது என்று பொதுவாகச் சொல்வார்கள். வந்த ஒன்றும் முட்டையிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பங்குனி ஆமை இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. ஆனால் கடற்கரை புலிகள் காப்பகம் அல்ல. கிரிக்கெட் ஆடும், சுண்டல் விற்கும், வலை உலர்த்தும் பொது மணலில்தான் அந்த முட்டைகள் கிடக்கின்றன.

1988க்கு முன்

எழுபதுகளின் தொடக்கத்தில், சென்னை பாம்புப் பண்ணையோடு தொடர்புடைய சிலர் இரவில் கரையோரம் நடந்து கூடுகளைத் தேடினார்கள். முதல் பொரிப்பகம் அப்போது அமைந்தது. பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகள் நடத்தியது. எண்பதுகளில் அது வனத்துறையின் கைக்கு வந்தது. நிதி ஒதுக்கீடு, பணியிட மாற்றம், முன்னுரிமை மாற்றம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. ஆமையின் தலைமுறை அந்த ஆயுளைவிட நீளமானது. 1988இல் அரசுப் பணி நின்றபோது, எழுபதுகளில் கடலில் விட்ட குஞ்சுகள் அப்போதுதான் தாயாகித் திரும்பும் வயதை எட்டியிருக்கும்.

முதல் பருவங்களில் கண்டது

மாணவர்கள் நடக்கத் தொடங்கியது நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் கரை. பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் எல்லாம் இதற்குள் அடங்கும். பிற்காலத்தில் அடையாறு முகத்துவாரத்துக்கு வடக்கே மெரினா வரையிலான பகுதியும் சேர்ந்தது.

கரையில் அவர்கள் கண்டவை மூன்று. பல கூடுகள் தோண்டப்பட்டிருந்தன. சிலவற்றை நாய்கள் தோண்டியிருந்தன, சிலவற்றை மனிதர்கள் தோண்டி முட்டைகளை எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்து, தப்பிப் பிழைத்த கூடுகளிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் கடலுக்குப் போகாமல் ஊர்ப்பக்கம் போயிருந்தன. ஆமைக் குஞ்சு வெளிச்சத்தை நோக்கிப் போகும். விளக்கே இல்லாத காலத்தில் கடலின் அடிவானம்தான் இரவில் வெளுப்பாகத் தெரியும். அதை நம்பித்தான் அது ஓடுகிறது. தெருவிளக்கு அதை ஏமாற்றிவிடுகிறது. விடிந்தபின் பார்த்தால் சாலையோரத்திலும் சுவர் மூலையிலும் வெயிலில் உலர்ந்து கிடக்கும். மூன்றாவதாக, இறந்த தாய் ஆமைகள் கரை ஒதுங்கிக் கிடந்தன. உடலில் பெரிதாகக் காயம் இல்லாமல், கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கி.

முதல் இரண்டுக்கும் மணலில் நின்று ஏதாவது செய்யலாம். மூன்றாவதன் காரணம் கடலுக்குள் இருந்தது. இந்த வேறுபாடு அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே முதல் இரண்டிலிருந்து தொடங்கினார்கள். தங்களால் மறுநாள் இரவே செய்யக்கூடிய வேலையிலிருந்து தொடங்கிய அந்தத் தேர்வுதான் அமைப்பு கலையாமல் நிற்க முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எடுத்த முடிவு: முட்டையை எடுப்பதா, விடுவதா

கடலாமை அறிவியலில் பொது விதி ஒன்று உண்டு: முடிந்தவரை கூட்டை அதன் இடத்திலேயே விட்டுக் காக்க வேண்டும். தாய் தேர்ந்த இடத்தின் ஈரமும் சூடும் மனிதன் தோண்டும் குழியில் அப்படியே அமையாது. ஒரே வேலிக்குள் நூற்றுக்கணக்கான கூடுகளை வைத்தால் ஒரு பெரிய அலையோ பூஞ்சைத் தொற்றோ அத்தனையையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும். பொரிப்பகம் என்பது வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் கையாள வேண்டிய முறை.

சென்னையில் வேறு வழி இருந்ததா? ஒவ்வொரு கூட்டுக்கும் ஒன்றரை மாதம் காவல் போட ஆள் இல்லை. வேலியிட்டு அடையாளம் வைத்தால், முட்டை இருக்குமிடத்தைத் திருடனுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். கூடு பிழைத்தாலும் விளக்கு வெளிச்சம் குஞ்சுகளைக் கொன்றுவிடும். ஆகவே முட்டைகளை அன்றிரவே எடுத்து, கரையில் வேலியடைத்த ஓர் இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கையால் கடலருகே விடுவது என்று முடிவு செய்தார்கள். இதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் முட்டையைத் தொடுவதே குற்றம் என்பதை ஆர்வத்தால் இறங்கும் புதியவர்கள் மறக்கக் கூடாது.

இந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன். அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலிக்குள் வெயிலில் கிடக்கும் மணல், மார்ச் ஏப்ரலில் கொதிக்கிறது. பருவத்தின் பின்பாதியில் புதைத்த கூடுகளில் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும். இன்னும் சூடேறினால் கரு செத்துவிடும். தென்னங்கீற்றோ நிழல்வலையோ வேய்ந்து சூட்டைக் குறைப்பது பொரிப்பகங்களின் வழக்கமாக வந்தது இதனால்தான்.

ஓர் இரவின் வேலை

புறப்படும் நேரம் பொதுவாக நள்ளிரவை ஒட்டி. டார்ச் அடிப்பதில்லை. கண் இருட்டுக்குப் பழகினால் ஈர மணலில் தடம் தெரியும். பங்குனி ஆமை ஏறிய தடம் ஏறத்தாழ முக்கால் மீட்டர் அகலத்தில் இருக்கும். இடப்பக்கத் துடுப்பும் வலப்பக்கத் துடுப்பும் மாறி மாறிப் பதிந்திருக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் இரண்டும் இருந்தால் ஆமை போய்விட்டது என்று பொருள். ஒன்று மட்டும் இருந்தால் எல்லோரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். முட்டையிடத் தொடங்குவதற்கு முன் ஆள் அசைவைக் கண்டால் அது இடாமலேயே திரும்பிப் போய்விடும்.

தடம் முடியும் இடத்தில் மணல் கலைந்து ஒரு பரப்பு தெரியும். அது முழுவதும் கூடு அல்ல. கூட்டின் வாய் ஒரு சாண் அகலம்கூட இராது. ஆமை அதை மறைக்கவே சுற்றிலும் மணலை வாரி இறைத்திருக்கும். இங்கேதான் கம்பு வேலைக்கு வருகிறது. அங்குலம் அங்குலமாக மணலில் குத்திப் பார்க்க வேண்டும். இறுகிய மணல் கம்பைத் தடுக்கும். கூட்டின் கழுத்துக்கு நேராக வந்ததும் தடையில்லாமல் சட்டென்று இறங்கும். அந்தக் கணத்தில் கையை நிறுத்தத் தெரியாதவர் முட்டையைக் குத்திவிடுவார். அதனால் புதியவரிடம் கம்பைக் கொடுப்பதில்லை. பல இரவுகள் பக்கத்தில் நின்று பார்த்தபின்தான் கம்பு கைமாறும்.

பிறகு கம்பை வைத்துவிட்டுக் கையால் தோண்டுவார்கள். குப்புறப் படுத்து, முழங்கைக்கு மேல் வரை கையை உள்ளே விட்டால்தான் அடி முட்டை அகப்படும். முட்டை மேசைப்பந்து அளவில், வெண்மையாக, தோல்போல லேசாக அமுங்கும். ஒவ்வொன்றாக எண்ணி, கூட்டுக்குள் இருந்த ஈர மணலோடு சேர்த்துத் துணிப்பையில் வைப்பார்கள். முட்டையைப் புரட்டக் கூடாது, குலுக்கக் கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால் அறுந்து செத்துவிடும். விடிவதற்குள் பொரிப்பகம் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அதனால்தான். கூட்டின் ஆழம், வாயின் அகலம், அலைக்கோட்டிலிருந்து தூரம், கிடைத்த நேரம், இடத்தின் அடையாளம் எல்லாம் நோட்டில் ஏறும்.

பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அடி அகன்று கழுத்து குறுகிய அதே வடிவத்தில் குழி தோண்டி முட்டைகளை இறக்குவார்கள். கூட்டு எண்ணும் தேதியும் முட்டைக் கணக்கும் எழுதிய குச்சி ஒன்று மேலே நடப்படும். நாற்பத்தைந்தாம் நாளை நெருங்கும்போது கூட்டின் மேல் கூடை கவிழ்ப்பார்கள். பொரிவதற்கு முன் மணல் லேசாக உள்வாங்கும். அடியில் குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதால் ஏற்படும் பள்ளம் அது. பின் ஒரு மூக்கு வெளியே தெரியும். சிறிது நேரத்தில் மணல் முழுக்கக் குஞ்சாகிவிடும்.

அவற்றை அலையில் போடுவதில்லை. சில மீட்டர் தள்ளி மணலில் விட்டு, அவை தாமாகவே நடந்து போகட்டும் என்று விடுவார்கள். பிறந்த கரையை ஆமை நினைவில் கொள்வதில் அந்த நடைக்கும் பங்கிருக்கலாம் என்ற கருத்து உண்டு. ஒருவர் டார்ச்சோடு தண்ணீருக்குள் நின்றுகொண்டு குஞ்சுகளுக்கு வழிகாட்டுவார். இரவு முழுவதும் விளக்கை அணைக்கச் சொன்னவர்கள் விளக்கை ஏற்றும் ஒரே சமயம் இதுதான். எல்லாம் போனபின் கூட்டைத் தோண்டி வெற்று ஓடு, பொரியாத முட்டை, இறந்த குஞ்சு ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுவார்கள். நாற்றமெடுக்கும் வேலை. குஞ்சு விடப் பெரும் கூட்டம் வரும். இதற்கு அவ்வளவு பேர் நிற்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பருவம் எப்படி நடந்தது என்பது இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தெரியவரும்.

பொதுமக்களை அழைத்துச் செல்ல எடுத்த முடிவு

நாலைந்து பேர் போனால் வேலை வேகமாக நடக்கும். ஐம்பது பேரை அழைத்துப் போனால் பேச்சுச் சத்தம், செல்போன் வெளிச்சம், பாதி வழியில் உட்கார்ந்துவிடும் குழந்தைகள் எல்லாம் உண்டு. ஆமைக்கு இதனால் நன்மை இல்லை. இருந்தும் வார இறுதி இரவுகளில் யார் வேண்டுமானாலும் உடன் வரலாம் என்று அமைப்பு கதவைத் திறந்துவைத்தது. நடை தொடங்குமுன் ஒருவர் நின்று விளக்கிச் சொல்வார். பல இரவுகளில் ஆமையே தென்படாது. ஏழு கிலோமீட்டர் நடந்து, செத்த ஆமை ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு அதிகாலையில் வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

இந்த முடிவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். காரணம், வெளிச்சம். எண்பதுகளின் இறுதியில் இருட்டாக இருந்த திருவான்மியூர், கொட்டிவாக்கம் கரையோரம் அடுக்குமாடிகளும் பங்களாக்களும் உணவகங்களும் எழுந்தன. கடற்கரையில் உயர்கோபுர விளக்குகள் வந்தன. ஆமைக்காக விளக்கை அணையுங்கள் என்று மாநகராட்சியிடம் ஓர் அமைப்பு மட்டும் மனுக் கொடுத்தால் அது கோப்போடு நின்றிருக்கும். அதே பகுதியில் குடியிருப்பவர்கள் கேட்டபோது நிலைமை மாறியது. அவர்களில் பலர் ஒருமுறையாவது நடையில் வந்தவர்கள்; வழிதவறிய குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள். பருவத்தில் நள்ளிரவை ஒட்டிக் கடற்கரை விளக்குகளை அணைப்பதற்கு உத்தரவுகள் வந்தன. எல்லா ஆண்டும் எல்லா விளக்கும் அணைந்ததாகச் சொல்ல முடியாது. பெண்களின் பாதுகாப்பு, திருட்டு என்று எதிர்வாதங்கள் எழுந்தன. அவை நியாயமானவையே. நேரத்தை வரையறுத்தும், விளக்கை மறைத்துக் கடற்பக்கம் ஒளி போகாமல் செய்தும்தான் உடன்பாடு காண முடியும்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கரையோரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டம் பேசப்பட்டபோதும், மீனவ மக்களோடு சேர்ந்து எதிர்த்துப் பேசியவர்களில் ஆமை நடைக்காரர்கள் இருந்தார்கள்.

குப்பத்து மக்களும் மாணவர்களும்

நகரத்துப் பிள்ளைகள் நள்ளிரவில் குப்பத்தைக் கடந்து போவதை மீனவர்கள் முதலில் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. கரை அவர்கள் வாழும் இடம். வலை காய்வதும் படகு நிற்பதும் பெண்கள் கருவாடு உலர்த்துவதும் அங்கேதான். முட்டை எடுத்தவர்களிலும் குப்பத்துக்காரர்கள் இருந்தார்கள்; அது வறுமையில் கிடைத்த உணவு. திருடன் என்று கைநீட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். பேசிப் பழகியதில், விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர்களே தாங்கள் கண்ட தடத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

2002இல் நீலாங்கரையை ஒட்டி ட்ரீ பவுண்டேஷன் என்ற அமைப்பு தொடங்கியபோது வேறொரு பாதையை எடுத்தது. மீனவ இளைஞர்களையே பயிற்றுவித்து, ஊக்கத்தொகை கொடுத்து, கடலாமைப் பாதுகாவலர்களாக்கியது. இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மாணவர்கள் நகரத்தைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் தேர்வு வந்தால், வேலை கிடைத்தால் போய்விடுவார்கள். மீனவ இளைஞன் அங்கேயே இருப்பான். கடலில் என்ன நடக்கிறது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். அவன் இரவு உழைப்புக்குப் பணம் கொடுப்பது தன்னார்வத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓய்வு நேரம் உள்ளவர்களுக்குத்தான் இலவச உழைப்பு எளிது.

கைக்கு எட்டாதது: கடலில் நடக்கும் சாவு

பொரிப்பகம் நன்றாக நடந்த பருவங்களில் எடுத்துவைத்த முட்டைகளில் பெரும்பகுதி பொரிந்தது. ஆனால் மூன்றாவது பிரச்சினை அப்படியே இருந்தது.

பங்குனி ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கினால் மேலே வர முடியாது. தப்பப் போராடுவதால் உயிர்க்காற்று விரைவில் தீர்ந்து மூழ்கிச் சாகும். முட்டையிட வரும் தாய்கள் கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில் வாரக்கணக்கில் தங்கும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. இப்போதைய விதிப்படி கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை, விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அந்த எல்லைக்குள் வந்து இழுப்பது ஆமையை மட்டும் கொல்வதில்லை. நாட்டுப்படகு, பைபர் படகு மீனவர்களின் வலையை அறுக்கிறது, அவர்கள் மீனையும் அள்ளிப்போகிறது. ஆமைக்காகப் பேசுவோரும் சிறு மீனவரும் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டிய இடம் இது. ஆமைச் சாவு செய்தியாகும் ஒவ்வொரு முறையும் மீனவர் என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் குற்றவாளியாக்குவதால் அந்தக் கூட்டணி உடைகிறது.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்வளத்துக்காக வகுத்த தேதிகள் அவை. தடை தொடங்கும்போது ஆமைப் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும்.

நடையாளர்கள் இதற்கு எதிராகச் செய்ய முடிந்தது ஒன்றுதான். செத்த ஆமைகளை எண்ணினார்கள். ஆணா பெண்ணா, ஓட்டின் நீளம் என்ன, எங்கே எப்போது ஒதுங்கியது என்று பதிந்தார்கள். பார்த்த உடலையே மறுநாள் மீண்டும் எண்ணாமலிருக்க அடையாளம் இட்டார்கள். குஞ்சு விடுவதைப் போல மகிழ்ச்சி தரும் வேலை அல்ல இது; படம் எடுக்க எவரும் வர மாட்டார்கள். ஆனாலும் பருவம் தவறாமல் எழுதினார்கள்.

2025 ஜனவரி

அந்த மாதத்தில் சென்னையிலும் அதை ஒட்டிய மாவட்டக் கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. காலையில் நடக்கப் போனவர்கள் எல்லோரும் கண்டார்கள். உடற்கூறு ஆய்வுகள் மூழ்கி இறந்ததற்கான அறிகுறிகளைக் காட்டின. கரை ஒதுங்குவது இறந்தவற்றில் ஒரு பகுதியே. மீதி கடலிலேயே அழுகிவிடும்.

இது வழக்கத்துக்கு மாறான சாவு என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், வழக்கம் எவ்வளவு என்பது பதிவாகியிருந்ததுதான். முந்தைய பருவங்களின் எண்ணிக்கை நோட்டுகளில் இருந்தது. நாளேடுகள் அந்த எண்களை வைத்து எழுதின. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை ஆகியவை சேர்ந்து ரோந்து போவது பற்றி உத்தரவுகள் வந்தன. விதிமீறிய விசைப்படகுகள் மீது நடவடிக்கை தொடங்கியது.

இவை மிகத் தாமதமாக வந்தன என்பது என் கருத்து. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்கள் பிணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாவு ஆயிரத்தைத் தொட்டபின்தான் அந்த எண்ணிக்கைக்குச் செவி கிடைத்தது. ஒரு தாய் ஆமை செத்தால் பதினைந்து ஆண்டு உழைப்பு போகிறது. அதை ஈடுசெய்ய எத்தனை கூடுகளைக் காக்க வேண்டியிருக்கும் என்பதைப் படிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மாற வேண்டியவை

பொரிப்பகத்தில் மணலின் வெப்பத்தை அளக்கும் கருவிகள் எல்லாக் கரைகளிலும், எல்லாப் பருவங்களிலும் இருக்க வேண்டும். எத்தனை குஞ்சு விட்டோம் என்ற எண்ணை மட்டும் கொண்டாடுகிறோம். எந்த வெப்பத்தில் பொரிந்தன என்ற எண் அதைவிட முக்கியம். ஆண் குஞ்சே இல்லாத லட்சம் குஞ்சுகளால் இனம் தழைக்காது. இருட்டும் அமைதியும் மிஞ்சியிருக்கும் கரைகளில், குறிப்பாகச் சென்னைக்குத் தெற்கே, சில கூடுகளையாவது இருந்த இடத்திலேயே விட்டுக் காத்துப் பார்க்கலாம். மீனவ இளைஞர்கள் இருந்தால் அது முடியும். நகரத்திலிருந்து வந்து போகிறவர்களால் முடியாது.

பொதுமக்கள் நடையில் ஆள் எண்ணிக்கைக்கு உறுதியான வரம்பு வேண்டும். குஞ்சு விடும் நேரத்தில் செல்போன் வெளிச்சத்தோடு திரளும் கூட்டம் இப்போது ஆமைக்கே இடைஞ்சலாகிவிட்டது. வருகிறவர்களில் சிலரையாவது பகல் வேலைக்குத் திருப்பலாம்: விளக்குகளைக் கணக்கெடுப்பது, கூடுகளைத் தோண்டி எண்ணுவது, இறந்தவற்றைப் பதிவது.

இழுவலையில் ஆமை வெளியேற வழிவிடும் கருவி புதியதல்ல. அதை முறையாகப் பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் 2019இல் அமெரிக்கா, இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதை நிறுத்தியது. படகு உரிமையாளருக்கே அதனால் இழப்பு. கருவியைப் பொருத்துவதற்கான மானியத்தையும், 5 கடல்மைல் எல்லைக்குள் நுழையும் படகின் இருப்பிடத்தைக் கண்காணிக்கும் ஏற்பாட்டையும் ஒன்றாகக் கொண்டுவர வேண்டும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, எத்தனை படகுகள் எல்லை மீறின, எத்தனை மீது வழக்கு, அதே வாரத்தில் எந்தக் கரையில் எத்தனை ஆமைகள் ஒதுங்கின என்ற மூன்று எண்களும் வாரந்தோறும் ஒரே தாளில் வெளியாக வேண்டும். மூன்றாவது எண்ணை மாணவர்களும் மீனவ இளைஞர்களும் ஏற்கெனவே எழுதிவருகிறார்கள். முதல் இரண்டும் அரசிடம் இருக்கின்றன.